நுரையீரலில் ஒரு சிறு புள்ளி

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில், ஈவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் 48 வயதான ஒருவரின் மார்பைத் திறந்தார். நோயாளியும் ஒரு மருத்துவரே. இடப்பக்க நுரையீரலில் புற்றுக்கட்டி. ஒரு மடலை மட்டும் எடுத்தால் போதும் என்பதுதான் முதலில் இருந்த திட்டம். திறந்து பார்த்தபோது கட்டி இருந்த இடம் அதற்கு இடம் தரவில்லை. நுரையீரல் முழுவதையும் அகற்ற வேண்டியதாயிற்று. புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை ஒரே அறுவையில் முழுமையாக எடுத்து, நோயாளியும் பிழைத்தெழுந்தது அதுவே முதல் முறை.

கதை அத்துடன் முடியவில்லை. கிரஹாம் நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். புகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் அவர் நம்பவில்லை. தம் மாணவர் எர்ன்ஸ்ட் வின்டருடன் சேர்ந்து ஆராய்ந்து, தொடர்பு உண்டு என்று 1950ல் அவரே அறிவித்தார், சிகரெட்டையும் விட்டார். ஆனால் 1957ல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். நோய் தெரிந்தபோது அது இரண்டு நுரையீரல்களிலும் இருந்தது; கத்திக்கு அங்கே வேலை இல்லை. அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தார்.

இத்துறையின் முன்னோடியான அறுவை மருத்துவருக்கே தம் நோய் காலங்கடந்துதான் தெரிந்தது என்றால், காரணம் கவனக்குறைவு அல்ல. நுரையீரலின் அமைப்பே அப்படிப்பட்டது. இன்று அதே நோயைச் சில மில்லிமீட்டர் அளவிலேயே காண முடிகிறது. முழு நுரையீரலுக்குப் பதிலாக அதன் ஒரு சிறு கூறை மட்டும் எடுக்கவும் முடிகிறது. இடையில் நடந்தவற்றில் பெரும் பகுதி, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் கணக்கும்தான்.

வலிக்காத உறுப்பு

விரலில் முள் தைத்தால் உடனே தெரிகிறது. நுரையீரலின் உட்பகுதியில் அவ்வாறு வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. மார்புச் சுவரின் உட்புறத்தை ஒட்டியுள்ள மெல்லிய உறைக்குத்தான் வலி தெரியும். கட்டி அதுவரை வளர்ந்து வந்து தொட்டால்தான் வலிக்கும். மேலும், நமக்கு அன்றாடம் தேவைப்படுவதைவிட மிகுதியான நுரையீரல் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. ஒரு மூலை கெட்டுப்போனாலும் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. இருமலோ, சளியில் இரத்தமோ தோன்றும்போது நோய் பெரும்பாலும் வெகுதூரம் போயிருக்கும்.

எவ்வளவு தூரம்? ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஒரு செல்லின் குறுக்களவு 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஒரு கன மில்லிமீட்டரில் 100 × 100 × 100, ஆக 10 லட்சம் செல்கள் அடங்கும். ஒரு கன சென்டிமீட்டரில் 100 கோடி. ஒரே ஒரு கெட்ட செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகினால் எத்தனை இரட்டிப்புகளில் 100 கோடியை எட்டும்? 2ஐ 20 முறை பெருக்கினால் 10 லட்சத்துக்குச் சற்று மேல். 30 முறை பெருக்கினால் 100 கோடிக்குச் சற்று மேல். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதைதான்.

ஓர் இரட்டிப்புக்கு 150 நாள் என்று வைத்துக்கொண்டால், 30 இரட்டிப்புகளுக்கு 4,500 நாள்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். ஒரு சென்டிமீட்டர் அளவை அடைந்தபின் இன்னும் 5 முறை இரட்டித்தால் பருமன் 32 மடங்காகும். கட்டி 3 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். இதற்கு இரண்டே ஆண்டுகள். உண்மையான கட்டிகள் இவ்வளவு ஒழுங்காக வளர்வதில்லை. சில செல்கள் இறக்கும், சில கட்டிகள் மெதுவாகவும் சில மிக வேகமாகவும் பெருகும். ஆனால் கணக்கின் சாரம் மாறாது. நோயின் வாழ்நாளில் பெரும் பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாமலே கழிந்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது கடைசிச் சில இரட்டிப்புகள் மட்டுமே.

நிழலுக்குள் ஒளியும் நிழல்

எக்ஸ் கதிர்ப்படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது ஒரு நிழற்படம். நான்கைந்து கண்ணாடித் தாள்களில் வெவ்வேறு ஓவியங்களை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே தளத்தில் விழுந்து குழம்பும். மார்புப் படத்திலும் அப்படியே. முன் விலா எலும்பு, பின் விலா எலும்பு, இதயம், இரத்தக் குழாய்கள் அனைத்தின் நிழலும் ஒரே தாளில் விழுகின்றன. 5 மி.மீ. புள்ளி ஒன்று விலா எலும்பின் பின்னே இருந்தால், தேர்ந்த மருத்துவரின் கண்ணுக்கும் அது தப்பிவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் ஒருவர் இயற்பியல் விரிவுரையாளர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் கார்மாக், 1956ல் அங்குள்ள மருத்துவமனையில் கதிரியக்கப் பணிகளைக் கவனிக்கச் சென்றபோது இக்கேள்வியில் ஈடுபட்டார். 1963லும் 1964லும் அவர் வெளியிட்ட கணிதத் தீர்வை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தனியே சிந்தித்துக் கருவியையே செய்தார். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979ல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களின் கருத்தை ஒரு புதிரால் விளக்கலாம். ஒரு சதுரத்தை நான்கு அறைகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டல் 7, கீழ் வரிசை 8. இடப் பத்தி 4, வலப் பத்தி 11. எண்கள் எவை? மேலே 3, 4. கீழே 1, 7 என்று போடலாம். ஆனால் மேலே 2, 5. கீழே 2, 6 என்று போட்டாலும் சரியாகவே வரும்! ஆக, இரண்டு திசைகளில் பார்த்தது போதவில்லை. இப்போது இன்னொரு செய்தி தருகிறேன்: மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் கூட்டல் 10. உடனே 3, 4, 1, 7 மட்டுமே விடையாகிறது.

எக்ஸ் கதிர் உடலைக் கடக்கும்போது வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதே ஒரு 'கூட்டல்'. பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்திக் கூட்டல்களைத் திரட்டினால், உள்ளே ஒவ்வோர் அறையிலும் என்ன இருக்கிறது என்று கணிப்பொறி விடுவித்துவிடும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி ஒரு குறுக்கு வெட்டுப் படத்துக்கு 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவீடுகள் வீதம் 28,800 அளவீடுகளை எடுத்தது. இதுவே சி.டி. ஸ்கேன். விலா எலும்பு தன் அறையில் இருக்கும். அதன் பின்னே உள்ள புள்ளி தன் அறையில் இருக்கும். நிழல்கள் மோதுவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழவேண்டும். எக்ஸ் கதிரே அளவு மீறினால் புற்றுநோய் உண்டாக்க வல்லதாயிற்றே? நோயில்லாத ஆயிரக்கணக்கானோரை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்வது தகுமா? கதிர்வீச்சைக் குறைத்தால் படம் கெடும். ஏன் என்பதற்கு மழையைப் பாருங்கள். முற்றத்தில் இரண்டு கிண்ணங்களை வையுங்கள். தூறலின்போது ஒன்றில் 7 துளியும் மற்றொன்றில் 13 துளியும் விழலாம். அடைமழையில் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் நிற்கும். எக்ஸ் கதிரின் ஒளித்துகள்களும் துளிகளே. ஓரிடத்தில் 10,000 துகள்கள் வந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 விழுக்காடு. 100 துகள்களே வந்தால் ஏற்ற இறக்கம் 10 விழுக்காடு. படம் முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகிவிடும்.

ஆனால் நுரையீரல் நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரால் வழங்கும் அளவுகோலில் நீர் 0, காற்று −1000. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் வேறுபாடு பத்து அலகு அளவே. காற்று நிரம்பிய நுரையீரலோ −800 அளவில் இருக்க, திண்மையான கட்டி 0க்குச் சற்று மேலே நிற்கிறது. வேறுபாடு நூற்றுக்கணக்கில்! மங்கலான படத்திலும் புள்ளி தெரியும். எனவே வழக்கமான மார்பு ஸ்கேனில் 7 மில்லிசீவர்ட் அளவுக்குக் கதிர்வீச்சு என்றால், குறைந்த அளவு ஸ்கேனுக்கு ஏறத்தாழ 1.5 போதும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஓர் ஆண்டில் ஒவ்வொருவரும் இயற்கையாகப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மதுரைக்குப் போகும் இரண்டு பயணிகள்

புள்ளியைச் சீக்கிரம் பார்த்துவிட்டோம். ஆகவே உயிர் பிழைக்கும் என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. இக்கட்டுரையில் நீங்கள் நின்று நிதானமாகப் படிக்கவேண்டிய இடம் இதுவே.

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஒரு ரயில் புறப்படுகிறது. ஒருவர் எழும்பூரிலேயே ஏறுகிறார். மற்றவர் திருச்சியில் ஏறுகிறார். முதலாமவர் அதிக நேரம் ரயிலில் இருந்தார், ஐயமில்லை. ஆனால் இருவரும் மதுரையில் இறங்கியது ஒரே நேரத்தில்தான். மதுரையை மரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏறுவதை நோய் கண்டறிதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே கண்டறிந்தால், 'நோய் தெரிந்தபின் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்' என்ற எண் பெரிதாகத்தான் செய்யும். மரண நாள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாமல் இருந்தாலும் அந்த எண் பெரிதாகும்!

இது வெறும் கற்பனையல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1971ல் தொடங்கிய ஆய்வில், புகைபிடிக்கும் ஆடவர் 9,211 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஆறு ஆண்டுகள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ் கதிர்ப்படமும் சளிச் சோதனையும். மற்றப் பிரிவுக்கு ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொள்ளுமாறு அறிவுரை மட்டும். முதல் பிரிவில் புற்றுநோய்கள் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டன. கண்டறிந்தபின் வாழ்ந்த காலமும் நீண்டிருந்தது. ஆனால் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் எண்ணிக்கை குறையவே இல்லை. உழைப்பெல்லாம் எழும்பூரில் ஏற்றிவிட்டதோடு சரி.

ஆகவே, எண்ண வேண்டியது வாழ்ந்த ஆண்டுகளை அல்ல; இறப்புகளை. சி.டி. ஸ்கேனுக்கு இந்தக் கடுமையான தேர்வை அமெரிக்காவில் 2002ல் தொடங்கினார்கள். 55 முதல் 74 வயதுள்ள, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டுகள் அல்லது அதற்கு ஈடாகப் புகைத்த 53,454 பேர் சேர்ந்தனர். பாதிப்பேருக்கு ஆண்டுக்கு ஒன்றாக மூன்று குறைந்த அளவு சி.டி. ஸ்கேன், பாதிப்பேருக்கு எக்ஸ் கதிர்ப்படம். 2011ல் முடிவு வெளியாயிற்று. ஒரு லட்சம் பேரை ஓராண்டு கவனித்தால் நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் எக்ஸ் கதிர்ப் பிரிவில் 309. ஸ்கேன் பிரிவில் 247. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வு 2020ல் தன் முடிவை வெளியிட்டது. 13,195 ஆடவரைப் பத்தாண்டுகள் தொடர்ந்ததில் 24 விழுக்காடு குறைவு. இம்முறை ரயிலில் சிலர் மதுரைக்கு முன்பே இறங்கிவிட்டார்கள்.

நெடுநாள் புகைத்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. அமெரிக்காவில் 2021 முதல் 50 வயது தொடங்கி 80 வரை, நாளொரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகளாவது புகைத்தவர்களுக்கு, விட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இருப்பவர்களையும் சேர்த்து, ஆண்டுக்கொரு ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. உங்களையும் என் கல்லூரி மாணவர்களையும் வரிசையில் நிறுத்தி ஸ்கேன் செய்தால் நன்மையைவிடத் தொல்லையே மிஞ்சும். அந்தத் தொல்லை என்ன என்று பார்ப்போம்.

புள்ளி வளர்கிறதா?

அமெரிக்க ஆய்வில் எடுத்த ஸ்கேன்கள் நூற்றில் ஏறத்தாழ 24ல் ஏதோ ஒரு புள்ளி ஐயத்துக்கிடமாகத் தெரிந்தது. அந்த 24ல் 23 புற்றுநோயே அல்ல! பழைய சளிக்காய்ச்சலின் வடு, பூஞ்சைக் காளான் விட்டுச்சென்ற தழும்பு, சிறு நிணநீர் முடிச்சு இப்படிப் பலவும் புள்ளியாகத் தெரியும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், ஆறிப்போன காசநோய்த் தழும்பும் இதே வேடத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மார்பை அறுத்துப் பார்ப்பதென்றால், நோயைவிட மருத்துவம் அதிகக் கேடு செய்யும்.

தழும்பையும் கட்டியையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி, காத்திருந்து மீண்டும் பார்ப்பது. தழும்பு அப்படியே இருக்கும், கட்டி வளரும். இங்கேதான் கன அளவு நம்மை ஏமாற்றும். கோளத்தின் பருமன் இரட்டிக்க, குறுக்களவு 26 விழுக்காடு கூடினால் போதும். 2இன் கனமூலம் 1.26 அல்லவா? 5 மி.மீ. புள்ளி 6.3 மி.மீ. ஆகியிருந்தால், அதற்குள் செல்கள் இரட்டித்துவிட்டன என்று பொருள். படத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்ப்பவருக்கு, 'ஏதோ கொஞ்சம் கூடுதல், அளந்ததில் பிழையாக இருக்கும்' என்றே தோன்றும்.

நெல்சன் ஆய்வாளர்கள் குறுக்களவை விட்டுவிட்டுக் கணிப்பொறியால் பருமனையே அளந்தார்கள். 50 கன மி.மீ.க்குக் குறைந்தால், அதாவது ஏறத்தாழ 4.6 மி.மீ. கோளத்துக்குக் கீழே என்றால், கவலை இல்லை. 500க்கு மேல், ஏறத்தாழ 9.8 மி.மீ.க்கு மேல் என்றால் உடனே ஆராய வேண்டும். இடைப்பட்டவை மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன். பருமன் 25 விழுக்காடாவது கூடியிருந்து, இரட்டிப்புக் காலம் 400 நாளுக்குக் குறைவாக இருந்தால் அது ஐயத்துக்குரியது. இந்த எளிய மாற்றத்தால், நூறு ஸ்கேனில் அபாய மணி அடித்தவை இரண்டாகக் குறைந்தன. பெரிய கருவி எதுவும் புதிதாகச் சேரவில்லை. அளக்கும் முறைதான் மாறியது.

ஐயம் நீடித்தால் அந்தப் புள்ளியிலிருந்து துளி திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மார்பின் வெளியிலிருந்து ஊசி செலுத்தலாம். ஆனால் நுரையீரலில் துளை விழுந்து காற்றுக் கசியக்கூடும். மூச்சுக்குழல் வழியே போகலாம். ஆனால் அது இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளை பிரியும் மரம். சுற்றுக் கிளைகளில் வழக்கமான அகநோக்கி நுழையாது. 2018லும் 2019லும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இருவகை ரோபாட் கருவிகள், சில மி.மீ. அளவே பருமனுள்ள குழலை இந்தக் கிளைகளுக்குள் வளைத்துச் செலுத்துகின்றன. அவற்றுள் ஒன்றில் குழல் நெடுக ஓர் ஒளியிழை ஓடுகிறது. இழை வளையும்போது அதற்குள் சிதறித் திரும்பும் ஒளி மாறுபடும். அந்த மாறுதலிலிருந்து, குழல் எங்கெங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கருவி நொடிதோறும் கணக்கிட்டுக்கொண்டே போகிறது.

துளையின் வழியே ஒரு நெம்புகோல்

இனி அறுவைக்கு வருவோம். கிரஹாமின் காலம் தொட்டுப் பல பத்தாண்டுகள், விலாப்புறத்தில் நீளமாகக் கீறி, விலா எலும்புகளை இடுக்கியால் அகட்டித்தான் உள்ளே சென்றார்கள். கட்டியைவிட இந்த வழிதான் நோயாளியை அதிகம் வாட்டும். மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் விலா அசையுமே! வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காதவர்க்குச் சளி தேங்கும், காய்ச்சல் வரும். 1990களின் தொடக்கத்தில் சிறு துளைகள் வழியே காமிராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்தி மடலை அகற்றும் முறை வந்தது. பிரிட்டனில் 503 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2022ல் வெளியான ஆய்வில், துளைமுறையில் வலியும் சிக்கல்களும் குறைந்தன. ஐந்து வாரத்துக்குப் பின் உடல் இயக்கமும் மேலாக இருந்தது.

ஆனால் துளைக்கு ஒரு விலை உண்டு. சுவரில் ஒரு துளையிட்டு, அதன் வழியே நீண்ட கரண்டியைச் செலுத்தி அப்புறம் உள்ள சட்டியைக் கிளறிப் பாருங்கள். கையை வலப்பக்கம் நகர்த்தினால் கரண்டியின் முனை இடப்பக்கம் போகும். துளைதான் நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. கரண்டி வெளியே 10 செ.மீ., உள்ளே 20 செ.மீ. இருந்தால், கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால் முனை இரண்டு மில்லிமீட்டர் நடுங்கும். மேலும் நேரான கோலுக்குத் துளையில் நான்கே அசைவுகள்: மேல் கீழ், இடம் வலம், உள்ளே வெளியே, தன்னைத்தானே சுழலுதல். மணிக்கட்டு இல்லை. மணிக்கட்டை அசைக்காமல் ஊசியில் நூல் கோத்துத் துணி தைக்க முயன்றால் மருத்துவரின் சங்கடம் புரியும்.

ரோபாட் இந்த மூன்று சங்கடங்களையும் தீர்க்க வந்தது. ரோபாட் என்றதும், தானே முடிவெடுத்து அறுக்கும் இரும்பு மனிதனை எண்ணிவிடாதீர்கள். மருத்துவர் அதே அறையில் சில அடி தள்ளி ஒரு மேசையின் முன் அமர்ந்து இரு பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் அருகே நிற்கும் இயந்திரக் கைகள் அதை அப்படியே செய்கின்றன. கை ஓய்ந்தால் இயந்திரமும் ஓய்ந்துவிடும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டா வின்சி' இவற்றுள் பெரிதும் பரவிய கருவி.

மருத்துவர் கைக்கும் முனைக்கும் இடையே இப்போது கோல் இல்லை; கணிப்பொறி இருக்கிறது. அது திசையைத் திருத்திவிடும்: வலப்பக்கம் அசைத்தால் முனையும் வலப்பக்கமே போகும். கை 3 செ.மீ. நகர்ந்தால் முனை 1 செ.மீ. நகரட்டும் என்று விகிதமும் வைக்கலாம். எல்லோர் கையிலும் நொடிக்குப் பத்து முறை அளவில் ஒரு நுண்ணிய நடுக்கம் உண்டு. நாம் வேண்டுமென்றே செய்யும் அசைவுகளோ அதைவிட மெதுவானவை. வானொலிப் பெட்டியில் டோன் திருகைத் திருப்பிக் கீச்சொலியைக் குறைப்பதுபோல், வேகமான அதிர்வை வடிகட்டி மெதுவான அசைவை மட்டும் அனுப்பலாம். முனைக்கு அருகிலேயே ஒரு குட்டி மணிக்கட்டும் உண்டு. நான்கு அசைவுகளோடு இரண்டு சேர்ந்து ஆறாகின்றன. பிடித்து விடுவதையும் சேர்த்தால் ஏழு. காமிராவில் இரண்டு கண்கள் இருப்பதால் ஆழமும் தெரிகிறது.

தெரியாதது ஒன்றுதான்: தொடுவுணர்ச்சி. இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் 5 லிட்டர் அளவு இரத்தம் முழுவதும் நுரையீரல் தமனியின் வழியே பாய்கிறது. அதன் சுவரோ மெல்லியது. அதைச் சற்று அழுத்தி இழுத்தால் கிழிந்துவிடும். திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே விசையை ஊகிக்க மருத்துவர்கள் நெடுநாள் பழகினார்கள். முனையில் உள்ள விசையை அளந்து கைக்கு உணர்த்தும் வசதி டா வின்சியில் 2024ல் அனுமதி பெற்ற வடிவத்தில்தான் வந்தது. பெரிய இரத்தப்போக்கு நேர்ந்தால் கைகளை விரைந்து கழற்றி, பழைய முறையில் மார்பைத் திறக்க ஒருவர் அருகிலேயே ஆயத்தமாக நிற்கிறார்.

விளம்பரங்களைப் பார்த்தால் ரோபாட்தான் உயிரைக் காக்கிறது என்று தோன்றும். என் கருத்து அதுவல்ல. கையால் செய்யும் துளைமுறையோடு ஒப்பிட்டால், ரோபாட் முறையில் நோயாளிகள் அதிக ஆண்டு வாழ்கிறார்கள் என்பது நிலைநாட்டப்படவில்லை. செலவு நிச்சயமாகக் கூடுதல். மருத்துவருக்கு நுண்ணிய வேலை எளிதாகிறது. அந்த எளிமை எங்கே பயன்படும் என்பதை அடுத்துக் காணலாம்.

இருளாகத் தெரியும் கூறு

வலப்பக்க நுரையீரலில் மூன்று மடல்கள், இடப்பக்கத்தில் இரண்டு. ஒவ்வொரு மடலும் தனக்கென மூச்சுக்குழல் கிளையும் தமனியும் உடைய கூறுகளாகப் பிரிகிறது. வலப்பக்கம் பத்துக் கூறுகள். இடப்பக்கம் எட்டு முதல் பத்து வரை எண்ணுவார்கள். கட்டி சிறிதானால் மடலுக்குப் பதில் கூறை மட்டும் எடுத்தால் என்ன? 1995ல் வெளியான அமெரிக்க ஆய்வு, குறைத்து எடுத்தால் அதே இடத்தில் நோய் மீண்டும் வருவது அதிகம் என்றது. அதன்பின் பல ஆண்டுகள் மடலை எடுப்பதே விதியாக இருந்தது. ஆனால் அன்றைய கட்டிகள் 3 செ.மீ. வரை இருந்தவை.

ஸ்கேன் பரவியபின் ஜப்பானியர் இக்கேள்வியை மறுபடியும் எழுப்பினார்கள். 2 செ.மீ.க்கு மிகாத கட்டியுள்ள 1,106 பேரைக் குலுக்கலில் பிரித்து, பாதிப்பேருக்கு மடலையும் பாதிப்பேருக்குக் கூறையும் அகற்றினார்கள். 2022ல் வந்த முடிவு பலருக்கு வியப்பளித்தது. ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் மடல் பிரிவில் 91.1 விழுக்காடு, கூறு பிரிவில் 94.3. அதே இடத்தில் நோய் திரும்புவது கூறு பிரிவில் அதிகந்தான்: 10.5க்கு எதிரே 5.4. அப்படியிருந்தும் உயிர்ச்சேதம் அதிகமாகவில்லை. மிச்சம் வைத்த நுரையீரல், பின்னால் வரும் வேறு நோயையும் அதற்கான மருத்துவத்தையும் தாங்கிக்கொள்ளக் கைகொடுத்தது என்பது ஒரு விளக்கம். சிறிதாக இருக்கும்போதே கண்டால்தான் சிறிதாக வெட்ட முடியும், இரண்டும் பிணைந்தவை.

கூறை எடுப்பது சொல்ல எளிது. மடல்களுக்கு இடையே இயற்கையான பிளவு உண்டு. கூறுகளுக்கு இடையே கோடு எதுவும் இல்லை. பஞ்சுமெத்தையில் எல்லை தேடுவதுபோல. போதாக்குறைக்கு, அறுவையின்போது அந்த நுரையீரலைக் காற்றிறக்கிச் சுருக்கிவிடுவார்கள். நோயாளி மற்ற நுரையீரலால் மூச்சு விடுவார். ஸ்கேனில் பார்த்த புள்ளி அதே இடத்தில் இராது. விரலால் தடவிப் பார்க்கவும் வழியில்லை.

இங்கே கைகொடுப்பது ஒரு சாயம். எடுக்கவேண்டிய கூறின் தமனியை முதலில் கட்டி வெட்டிவிட்டு, இன்டோசயனின் பச்சை என்னும் சாயத்தைக் கைச் சிரையில் செலுத்துகிறார்கள். 800 நானோமீட்டர் அளவுள்ள அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், அது சற்று நீண்ட அலையில், ஏறத்தாழ 830 நானோமீட்டரில், ஒளிரும். நம் கண்ணுக்கு இவ்விரண்டும் தெரியா. ரோபாட்டின் காமிராவுக்குத் தெரியும். அது திரையில் பச்சையாக வரைந்து காட்டுகிறது. இரத்தம் பாயும் நுரையீரல் எல்லாம் சில நொடிகளில் பச்சையாக மின்னும். இரத்தம் நிறுத்தப்பட்ட கூறு மட்டும் இருண்டு நிற்கும். இல்லாத கோடு திரையில் தோன்றிவிடுகிறது. சாயம் மங்குவதற்குள் மருத்துவர் அந்த எல்லையை மின்சூட்டால் குறித்துக்கொண்டு, வளைந்து வளைந்து செல்லும் அக்கோட்டின் வழியே பிரிக்கத் தொடங்குகிறார். குட்டி மணிக்கட்டின் பயன் இங்கேதான்.

ஒரு கணக்கு

மடக்கை படித்தவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒருவருடைய ஸ்கேனில் 6.0 மி.மீ. குறுக்களவுள்ள புள்ளி தெரிந்தது. 90 நாள் கழித்து 6.6 மி.மீ. பருமன் எத்தனை விழுக்காடு கூடியது? இரட்டிப்புக் காலம் என்ன? குறுக்களவு 1.1 மடங்கு, பருமன் 1.1இன் மும்மடி, 1.331 மடங்கு. அதாவது 33 விழுக்காடு கூடுதல். 90ஐ 2இன் மடக்கையாகிய 0.3010ஆல் பெருக்கி, 1.331இன் மடக்கையாகிய 0.1242ஆல் வகுத்தால் ஏறத்தாழ 218 நாள் வரும். 400க்குக் குறைவு. படத்தில் கூடியிருப்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். ஆயினும் நெல்சன் விதிப்படி இவரை அடுத்த ஆண்டு வரச்சொல்லி அனுப்ப முடியாது.